ஆமைச் சட்டை ஆசாமி

கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

இசிகேலி டீக் கோப்பையை மேசைமேல் கொஞ்சம் பலமாகவே வைத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே அலுவலகத் தலைவி ஹேன்லி மேடம், கூட ரோஹிதேஷ். வெளியே இவர். பதினெட்டு வருஷ சர்வீஸ் வெளியே உட்கார்ந்திருக்க, மூன்று வருஷ சர்வீஸ் உள்ளே உட்கார்ந்து சிரிக்கிறது! வயிறு எரியுமா எரியாதா?

தீவு நாட்டுத் தலைநகரமான சுவாவில் இருக்கும் அந்த வெளிநாட்டுத் தூதரகத்தின் வட்டாரப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வேலை கொஞ்ச நஞ்சமல்ல. போலிப் பிறப்புச் சான்றிதழோடு விசாவுக்கு வருகிறவனைப் பிடிக்க வேண்டும். கேட்டில் எவனோ மறந்துவிட்டுப் போன பைக்குள் வெடிகுண்டா, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கா என்று பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு எடுக்கப்போகும் ஆளைப் பற்றி அக்கம்பக்கத்தில் கிண்டிக் கிளறி விசாரிக்க வேண்டும். இதையெல்லாம் கட்டி மேய்க்கும் தலைமை விசாரணை அதிகாரி பிப்ரவரியில் ஓய்வு பெற்றுப் போனார். அந்த நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது.

அந்த நாற்காலிக்குத்தான் இசிகேலி மனுப் போட்டிருந்தார். நேர்காணலும் முடிந்தது. தேவாலயத்தில் சொல்லியாகிவிட்டது, ரக்பி சங்கத்தில் சொல்லியாகிவிட்டது, லௌடோகாவில் இருக்கும் மச்சான்களுக்கும் போன் போட்டாயிற்று. "வந்த பிறகு சொல்லக் கூடாதா இசி?" என்று மனைவி லிட்டியா கேட்டதற்கு, "வராம எங்க போகும்?" என்றார். இப்போது அது இந்த ரோஹிதேஷுக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு போய்ப் பாட்டுப் பாடுவது?

கதவு திறந்தது. ரோஹிதேஷ் ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். முப்பத்தொரு வயசு. தலை நிறைய முடி. அந்த முடியைப் பார்க்கும்போதெல்லாம் இசிகேலியின் கை தானாகத் தன் வழுக்கையைத் தடவும்.

"எங்க தம்பி கிளம்பிட்ட?"

"வெளிய ஒரு சின்ன வேலைண்ணே."

"என்ன வேலை?"

"சொல்லக் கூடாதுண்ணே."

இசிகேலியிடமே சொல்லக் கூடாதாம்! யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று இந்தப் பயலுக்குப் பாடம் எடுத்தவரே இவர்தான்.

ரோஹிதேஷின் வெள்ளி நிறக் கார் கேட்டைத் தாண்டிய அடுத்த நிமிஷம், இசிகேலி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கேட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த காவலர் மெரயோனி, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் எழுதும் பதிவேட்டைத் திறந்தாள்.

"எங்க சார் போறீங்க?"

"குடிவரவு அலுவலகம்."

"மழைக்கு எதுக்கு சார் கறுப்புக் கண்ணாடி?"

"கண்ணு வலி."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

டாக்சிக்காரன் விஷயம் தெரிந்தவன். "முன்னால போற வெள்ளிக் காரைப் பிடிங்க, ஆனா கிட்டப் போகாதீங்க" என்றதும் கண்ணாடியில் இவரைப் பார்த்தான். "பொண்டாட்டி விவகாரமா அண்ணே?"

"ஆபீஸ் விவகாரம்யா. ரோட்டைப் பாரு."

வெள்ளிக் கார் நாபுவாவைத் தாண்டியது. கினோயாப் பக்கம் திரும்பியது. இசிகேலிக்கு நன்றாகத் தெரிந்த கடை, நன்றாகத் தெரிந்த சந்து. கடைசியில், நன்றாகவே தெரிந்த ஒரு பச்சைக் கூரை வீட்டின் முன்னால் போய் நின்றது.

"யார் வீடு அண்ணே இது?" என்றான் டாக்சிக்காரன்.

"என் வீடு."

டாக்சிக்காரன் மீட்டரை அணைத்தான். "காசு வேணாம் அண்ணே. நீங்க இறங்குங்க."

காகிதப்பூ வேலிக்குப் பின்னால் மழையில் நாற்பது நிமிஷம் நின்றார் இசிகேலி. முள் முதுகைப் பிறாண்டியது. அந்தப் பக்கம் ஜன்னல் வழியாகத் தெரிந்த காட்சி அதைவிட மோசமாகப் பிறாண்டியது. லிட்டியா ஞாயிற்றுக்கிழமைக் கவுனை உடுத்தியிருந்தாள். காதோரம் பூ வைத்திருந்தாள். ரோஹிதேஷ் எதையோ கேட்கிறான், அவள் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்கிறாள், அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பிறகு தட்டு வந்தது. தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன். அதில் தலைத் துண்டை எடுத்து அவள் அவன் தட்டில் வைத்தாள்.

மீன் தலை! இருபத்தேழு வருஷமாக அந்த வீட்டில் மீன் தலை இசிகேலிக்குத்தான். பெற்ற மகனுக்குக்கூட விட்டுக் கொடுத்ததில்லை.

நாற்காலியையும் பிடுங்கப் பார்க்கிறான், மீன் தலையையும் பிடுங்கிவிட்டான். எதற்கு முதலில் பொறாமைப்படுவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஒன்றும் தெரியாதவர் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

"இன்னிக்கு யாராவது வந்தாங்களா?"

"யார் வரப் போறா?" என்றாள் லிட்டியா.

"மீன் தலை எங்க?"

"இன்னிக்கு மார்க்கெட்ல தலை இல்லாமத்தான் வச்சிருந்தான்."

"ஓகோ. தலை இல்லாமலே நீந்திச்சாக்கும்?"

"சாப்பிடு இசி. வால் பக்கம்தான் ருசி."

அன்றிரவு அவர் வால் பக்கத்தைத் தொடவேயில்லை.

நேராகக் கேட்டுவிடலாம்தான். ஆனால் 'உனக்கெப்படித் தெரியும்' என்று அவள் திருப்பிக் கேட்பாளே? வேலை நேரத்தில் பொய் சொல்லிவிட்டு வந்து வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன் என்று எந்த விசாரணைக்காரன் சொல்வான்? சனியும் ஞாயிறும் யோசித்து யோசித்து, திங்கட்கிழமை காலையில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. தூதரக ஊழியர் வீட்டுப் பக்கம் ஒரே வண்டி மூன்று முறை தென்பட்டால் சிவப்புத் தாளில் எழுதிப் போட வேண்டும். சிவப்புத் தாள் போட்டால் மேடம் பார்த்தே ஆக வேண்டும். மேடம் பார்த்தால் ரோஹிதேஷின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். பிறகு அவனுக்கு ஏது நாற்காலி? நல்ல திட்டம்தான். மார்க்கெட்டில் அன்னாசி விற்கிறவளிடம் போனை இரவல் வாங்கி, வாயில் கைக்குட்டையை வைத்துப் பொத்திக்கொண்டு, பாதுகாப்பு உதவி எண்ணுக்கு அடித்தார்.

எடுத்தவள் மெரயோனி. "புலா, வணக்கம். சொல்லுங்க, யார் பேசுறது?"

"பேர் வேணாம். நல்ல குடிமகன் ஒருத்தன்."

"சொல்லுங்க குடிமகன் சார்."

"ஒரு வெள்ளி நிறக் கார். உங்க ஆபீஸ்காரர் வீட்டுக்கு மூணு தரம் வந்துட்டுப் போச்சு. கார் நம்பரை எழுதிக்குங்க."

நம்பரை எழுதிக்கொண்டாள். "வீடு எங்க இருக்கு சார்?"

"கினோயா. கே பதினாலு."

மெரயோனி பேனாவை நிறுத்தினாள். ஊழியர் வீடுகளுக்கு அலுவலகம் வைத்திருக்கும் ரகசிய எண் அது. குடிமகன்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"சந்து பேரு கேட்கலாம்னு நினைச்சேன். நீங்களே எண்ணைச் சொல்லிட்டீங்க, ரொம்ப வசதி. உடம்பைப் பார்த்துக்குங்க குடிமகன் சார், கைக்குட்டை வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பேசினா மூச்சு முட்டும்."

செவ்வாய்க்கிழமை மேடம் இசிகேலியை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். ரோஹிதேஷ் பார்க்கட்டும் என்று இசிகேலி அதை மெதுவாக, மிக மெதுவாகச் சாத்தினார்.

மேடத்தின் மேசையில் ஒன்றுக்கு இரண்டு சிவப்புத் தாள்கள் இருந்தன.

"உங்க வீட்டைப் பத்தி ரெண்டு தகவல் வந்திருக்கு இசிகேலி. முதலாவது ஒரு கார். அதை விடுங்க, அதை நான் பார்த்துக்குறேன்."

"கார் நம்பரைப் பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்தேன். விடுங்கன்னு சொன்னேன்."

பார்த்தீர்களா! எப்படி மூடி மறைக்கிறார்!

"ரெண்டாவதுதான் மோசம். வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க வேலிக்குப் பின்னால ஒருத்தன் நாப்பது நிமிஷம் ஒளிஞ்சு நின்னிருக்கான். கறுப்புக் கண்ணாடி. பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணிச் சொல்லியிருக்கார். சிவப்புத் துணியில வெள்ளை ஆமை போட்ட சட்டையாம்."

வெள்ளிக்கிழமைகளில் சுவாவே பூச்சட்டை போடும். அலுவலகம், வங்கி, பள்ளிக்கூடம், எதுவானாலும் ஒரே துணியில் எல்லாரும் தைத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் இவர்களுடைய அலுவலகம் எடுத்த துணி, சிவப்பில் வெள்ளை ஆமை. அன்றைக்குக் காரைத் துரத்துகிற அவசரத்தில் கண்ணை மட்டும் மறைத்தாரே தவிர, சட்டையை மறந்துபோனார். ஒற்றன் யூனிபாரம் போட்டுக்கொண்டு வேவு பார்க்கப் போன கதை!

"அந்தத் துணி மொத்தமே பதினாறு சட்டைக்குத்தான் வாங்கினோம்" என்றார் மேடம். "அப்படின்னா நம்ம ஆள்தான் ஒருத்தன். யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். உங்க வீடாச்சே, நீங்களே விசாரிங்க. உங்களைவிட அனுபவசாலி யார் இருக்கா?"

தன்னைத் தானே தேடிப் பிடிக்கும் உத்தரவோடு வெளியே வந்தார் இசிகேலி.

சும்மா இருந்தால் சந்தேகம் வரும். அதனால் புதன்கிழமை காலை எல்லாரும் ஆமைச் சட்டையைச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார். ஓட்டுநர்கள் திட்டினார்கள். சமையற்காரர் துவைக்காத சட்டையைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினார். மெரயோனி ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி அடுக்கினாள்.

"பதினஞ்சு வந்திருக்கு சார்."

"சரி, சரி."

"ஒண்ணு குறையுது சார்."

"எனக்கு எண்ணத் தெரியாதா?"

"உங்களுது எங்க சார்?"

"துவைக்கப் போட்டிருக்கு."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். அந்தப் பதிவேட்டைப் பிடுங்கிக் கடலில் வீசினால் என்ன என்று இசிகேலிக்குத் தோன்றியது.

மத்தியானம் விசாரணைக்காகத் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார். விதிப்படி வீட்டுக்காரியின் வாக்குமூலம் வேண்டும். லிட்டியா பாய் முடைந்துகொண்டிருந்தாள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார்.

"பேரு?"

"மறந்துபோச்சா?"

"லிட்டியா, இது சட்டப்படியான விசாரணை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"போலீஸ் மோசடிப் பிரிவில இருபத்தாறு வருஷம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இசி அது. போன வருஷம்தான் எழுந்து வந்தேன். கேளு, கேளு."

"வெள்ளிக்கிழமை வேலிக்குப் பின்னால யாராவது நின்னதைப் பார்த்தியா?"

"பார்க்கல. ஆனா எவன் நின்னாலும் அவன் முட்டாள். வராந்தாவுக்கு வந்திருந்தா நனையாமலாவது நின்னிருக்கலாம்."

"சந்தேகப்படும்படி வேற ஏதாவது?"

"ஒண்ணு இருக்கு. உன் ஆமைச் சட்டை முதுகுல ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சிருந்துச்சு. காகிதப்பூ முள் ரெண்டு ஒட்டியிருந்துச்சு. தைச்சு அலமாரியில வச்சிருக்கேன். எழுதிக்கிறியா?"

இசிகேலி குறிப்பேட்டை மூடினார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவனைப் பற்றிக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார். இனி எந்த வாயால் கேட்பது? கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்டுவிட்டது.

வெளியே பக்கத்து வீட்டு சகியுசா வேலிமேல் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். துப்புக் கொடுத்த பெருமை முகத்தில் வழிந்தது.

"பிடிச்சுட்டியா அவனை? நான் நல்லாப் பார்த்தேன் இசி. குள்ளம், தொப்பை, வழுக்கை. வாத்து மாதிரி நடை. பாவம், பார்க்கவே அசிங்கமா இருந்தான்."

"அவ்வளவு அசிங்கமா?"

"என்னைக் கேட்டா, உன் வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கானே அந்தப் பையன், அவனைச் சொல்லு. லட்சணமான பையன். எங்க வீட்டுக்கும் வந்தான். என்னென்னமோ கேட்டான்."

இசிகேலி குறிப்பேட்டை மறுபடி திறந்தார். "என்ன கேட்டான்?"

"உங்க வீட்டைப் பத்தித்தான். குடி உண்டா, கடன் உண்டா, வெளிநாட்டுக்காரங்க வந்து போறாங்களா, கோபம் வந்தா எப்படி, நம்பி ஒரு ரகசியத்தைச் சொல்லலாமா..."

இசிகேலி வேலியைப் பிடித்துக்கொண்டார். முள் குத்தியதுகூடத் தெரியவில்லை.

குடி, கடன், வெளிநாட்டார், கோபம், ரகசியம். இந்த ஐந்து கேள்விகளையும் அவரே பதினெட்டு வருஷமாக எத்தனை வேலிகளில் சாய்ந்துகொண்டு கேட்டிருக்கிறார்! ஒரு பதவிக்கு ஆளை முடிவு செய்த பிறகு, கடைசியாகச் செய்கிற விசாரணை அல்லவா இது!

"நீ என்ன சொன்ன சகியுசா?"

"தங்கம்னு சொன்னேன். அப்புறம் அவன் கேட்டான்..."

"போதும்டா, போதும்!" என்று அவரைக் கட்டிப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார் இசிகேலி.

எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. தன்னைப் பற்றித் தானே விசாரிக்க முடியாது, அதனால் ரோஹிதேஷ் விசாரிக்கிறான். அதற்குத்தான் சாத்திய கதவு. அதற்குத்தான் 'சொல்லக் கூடாதுண்ணே'. லிட்டியா மறைத்ததும் அதற்குத்தான். முடிவு வரும்வரை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்பது விதி. அந்த விதியை எத்தனை பேருக்கு இவரே சொல்லியிருக்கிறார்! அட, தங்கமான பையனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! கட்டின பெண்டாட்டியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! வெட்கத்திலும் சந்தோஷத்திலும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இனிமேல் மறைத்து வைக்கக் கூடாது. தலைமை அதிகாரி ஆகப்போகிறவன் ஊர் வழக்கப்படி வேர்க்கட்டு வைத்து மனசார மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலை முடிந்ததும் கூடத்தில் பாய் விரிக்கச் சொன்னார். எல்லாரும் ஆமைச் சட்டையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மேடமும் உட்கார்ந்தார். இசிகேலி முதுகில் தையல் போட்ட சட்டையோடு, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரில் கடாவு தீவின் முதல் தரக் கட்டு ஒன்றை இரு கையிலும் ஏந்தி, மண்டியிட்டு நகர்ந்து வந்து ரோஹிதேஷின் முன்னால் வைத்தார்.

"வேலிக்குப் பின்னால நின்னது நான்தான். கைக்குட்டை வச்சுப் பேசின குடிமகனும் நான்தான். பொறாமை தம்பி, பச்சைப் பொறாமை. உன் வயசு மேல பொறாமை, உன் முடி மேல பொறாமை, நீ சாப்பிட்ட மீன் தலை மேலகூடப் பொறாமை. இந்த வேரை ஏத்துக்கிட்டு என்னை மன்னிச்சிடு."

ரோஹிதேஷ் என்ன செய்வதென்று தெரியாமல் மேடத்தைப் பார்த்தான். பிறகு வேரைத் தொட்டான். எல்லாரும் உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை தட்டினார்கள். மன்னிப்பு முடிந்தது.

"என்ன விசாரணைன்னு தெரியாம புத்தி கெட்டுப் போயிட்டேன் மேடம்" என்றார் இசிகேலி. "இப்ப எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுபோச்சா?" மேடம் நிமிர்ந்தார். "உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"வருத்தமா? எனக்கா? பெருமை மேடம்!"

மேடம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்பாடா! உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமாத் தூக்கமில்ல. பெரிய மனசு இசிகேலி உங்களுக்கு. ஒரே ஒரு விஷயம், திங்கட்கிழமையிலருந்து உங்க மேசை நம்ம விசாரணை அறையில இருக்காது. விதி அப்படி, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தனி அறை! இசிகேலி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். "விதின்னா விதிதானே மேடம்."

ரோஹிதேஷின் முதுகில் தட்டினார். "அடுத்த தடவை வீட்டுக்கு வந்தா வாலையும் சேர்த்துச் சாப்பிடு தம்பி." அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். அவன் முடிகூட அன்றைக்கு இசிகேலியை உறுத்தவில்லை.

கேட்டுக்கு வந்தார். வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மழையில் நனைந்த குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மெரயோனி, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் கேமராவைத் தூசி தட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன மெரயோனி, புது அட்டையா?" என்று அவரே போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றார்.

"ஆமா சார். திங்கட்கிழமைக்குள்ள தயாரா இருக்கணும்னு மேடம் சொன்னாங்க."

"தலைமை விசாரணை அதிகாரின்னு போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"எழுத்துப் பிழை இல்லாம பார்த்துக்க." காலரைச் சரிசெய்துகொண்டார். வயிற்றை உள்ளே இழுத்தார். வழுக்கையை ஒருமுறை தடவிவிட்டு, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

மெரயோனி படம் எடுக்கவில்லை. பொத்தானை அழுத்தி வெளிக்கதவைத் திறந்தாள்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா நல்லாயிருக்கும்; லிட்டியா அக்கா, நீங்க வந்து இந்தக் கோட்டு மேல நின்னு கேமராவைப் பாருங்க."